996.9

கப்பல்காரர் விட்டுப்போன பெட்டியில்
சமையல் புத்தகம் ஆறு, பைபிள் மூன்று,
கடைசிப் பக்கம் இல்லாத துப்பறியும் கதை ஒன்று.
அடியில், உப்பில் ஊறிப் பருத்துப்போன
ஹவாய் மாநிலத்தின் வரலாறு.

பட்டியல் போடுவது என் வேலை.
அமெரிக்கா என்றால் தொள்ளாயிரத்து எழுபதுகள்.
டெக்சாஸ் அங்கே. அலபாமா அங்கே.
ஹவாய் இல்லை.
எண் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக்
கடைசியில் கண்டேன்,
பசிபிக் கடலுக்குள், மற்றத் தீவுகளோடு.
கொடியில் ஐம்பதாவது நட்சத்திரம் தைத்து எவ்வளவு காலம்!
நூலக எண்ணுக்கு மட்டும்
யாரும் போய்ச் சொல்லவில்லைப் போலும்.

நாங்கள் 954.93.
இந்தியாவுக்குப் பின் ஒரு புள்ளி,
புள்ளிக்குப் பின் நாங்கள்.
அப்படியென்றால் திருகோணமலைக்கு எத்தனையாம் தசமம்
என்று கேட்டாள் ரிஸ்மியா.
நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

மத்தியானம் கரண்ட் போனது. சன்னலோரம் வாசித்தேன்.
பாஸ்டனில் இருந்த ஒரே சபைதான்
யாழ்ப்பாணத்துக்கும் ஆள் அனுப்பியது,
ஒரு சில வருடத்தில் ஹவாய்க்கும்.
இங்கே வந்தவர்கள் அகராதி செய்தார்கள்.
அங்கே போனவர்களும் செய்தார்கள்;
அவர்கள் பிள்ளைகளில் சிலர் கரும்பு நட்டார்கள்.
சீனிக்கு வரி விலக்கியது வாஷிங்டன்,
பிறகு அதற்கு விலையாக
முத்துத் துறைமுகத்தைக் கேட்டது.
ராணி ஒருத்தி இருந்தாள்.
கப்பலிலிருந்து சிப்பாய்கள் இறங்கி
அரண்மனைக்குக் கிட்ட வந்து நின்றார்கள்.
சும்மா நின்றார்கள்.
அது போதுமாயிருந்தது.

அந்தத் துறைமுகத்தில் குண்டு போட்ட கப்பல்களில் ஐந்து
நாலு மாதம் கழித்து,
சித்திரைப் புத்தாண்டுக்கு நாலைந்து நாள் முன்,
எங்கள் பக்கம் வந்தன.
புத்தகத்தில் அதற்கு அரை வரி.
எங்கள் ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை.

1959: வாக்குச்சீட்டு.
மாநிலமா, இல்லையா?
ராணிக்குக் கட்டம் கிடையாது.

சம்பூர் வதனமலர்
போட்டோக்கொப்பி மெஷினுக்குக் கரண்ட் வரும்வரை
குடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.
காணி மனு. பதினோராவது.
என்ன புத்தகம் என்றாள்.
“ஒரு தீவு. சனம் மனு எழுதியிருக்கு.
இருபத்தோராயிரம் கையெழுத்து.”
குடை கீழே இறங்கியது.
“பொறகு?”
“வென்றது. செனட்டில் ஒப்பந்தம் சரிவரவில்லை.”
“பொறகு?”
அடுத்த பக்கம் ஈரத்தில் ஒட்டியிருந்தது.
அடிமட்டத்தால் மெல்ல நெம்பினேன், கொஞ்சம் கிழிந்தது.
“அடுத்த வருசம் எங்கேயோ சண்டை.
துறைமுகம் தேவைப்பட்டது.
வேறு வழியால் எடுத்துவிட்டார்கள்.”

அவள் எதுவும் சொல்லவில்லை.
மின்விசிறியைப் பார்த்தாள், அது சுற்றாததைப் பார்த்தாள்.
பிறகு கேட்டாள்:
“அந்தக் கையெழுத்துக் கடதாசி இப்பவும் இருக்கா?”
“இருக்கு. ஐந்நூற்றைம்பத்தாறு பக்கம்.
நூறு வருசம் பெட்டிக்குள் கிடந்ததாம்.
இப்ப பேரப்பிள்ளைகள் விரல் வைத்துப்
பெயர் தேடுகிறார்கள்.”

கரண்ட் வந்தது. மெஷின் இருமியது.
“ரெண்டு கொப்பி எடுங்க” என்றாள்.
“ஒண்டு கச்சேரிக்கு.”
மற்றதை என் மேசையில் வைத்து,
பறக்காமலிருக்க அதன்மேல் ஹவாயை வைத்து,
முத்தூர் பஸ்ஸுக்கு நேரமென்று போனாள்.

எண் போடாமல் அப்படியே இருக்கிறது.

வாசலில் மான் ஒன்று
பெட்டி அட்டையைத் தின்றுகொண்டிருந்தது,
கப்பலின் பெயர் இருந்த பக்கத்திலிருந்து.