பதினெட்டாம் வியாழன்

ஒரே சட்டம்தான் எங்கள் சமையலறையில்:
வியாழன் இரவு, இதுவரை செய்யாத ஒன்று.
திரும்பச் செய்து மாட்டிக்கொண்டால்
வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டும்.

மூஃபியா மேட்டில் நான்காம் மாடி.
மின்னடுப்புத் தட்டு இரண்டில் ஒன்று செத்துவிட்டது.
மற்றது கோபம் வந்தால் மட்டும் சூடாகும்.
நால்வருக்கு ஒரு கத்தி, அதற்கும் நுனி இல்லை;
பலாக்கொட்டையோடு போட்ட சண்டையில் போயிற்று.

ஆய்வகம் என்னை ஏழு மணிக்குத்தான் விடும்.
எரிமலைப் பாறைகளின் வயதைக் கணக்கிடப் படிக்கிறேன்.
ஆயிரம் வருஷம் முன்பின் ஆனால் பரவாயில்லை என்பார்கள்.
பருப்புக்கு அந்தச் சலுகை கிடையாது.
அன்சிசா சூப்பர்மார்க்கெட் கல்லாவிலிருந்து
எட்டரைக்கு வருவாள்,
வெங்காயத்தை எடுத்து வைக்கும்போதும்
'பீப்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு.

புதன் காலை, வகுப்புக்கு முன்,
ஷோத்ரோன் சந்தைக்கு இறங்கி ஓடுவேன்.
முதல் வாரம் கீரைக்காரி ஒரு கொத்தை ஆட்டி
'கலுப்பிலே, கலுப்பிலே' என்றாள்.
வீட்டில் கூப்பிடும் பெயரை
முன்பின் தெரியாதவர் சொன்னதுபோல் நின்றுவிட்டேன்.
முருங்கை அங்கே மூரூம்.
தக்காளியும் மிளகாயும் இடித்த ஒன்றை அவள் ரூகாய் என்றபோது
'ஊறுகாயா?' என்று கேட்டேன், காரைக்கால் தமிழில்.
சில்லறை குறைகிறது என்று புரிந்துகொண்டு
இருபது சென்ட் திருப்பிக் கொடுத்தாள்.

ஐந்தாம் வியாழன் அன்சிசா மத்தாபா செய்தாள்:
மரவள்ளி இலை, தேங்காய்ப்பால், மூன்று மணி நேரம்.
ஏழாம் வியாழன் ஹரிசோவாவின் ரவிதூதூ:
பன்றிக்குப் பதில் மாடு, அன்சிசாவுக்காக.
'இதே இலைதானே?' என்றாள் அன்சிசா.
'இலை அதுதான், கை வேறு' என்றாள் இவள்.
தட்டுகள் ஆறிக்கொண்டிருக்க
மயோத்துக்கும் மடகாஸ்கருக்கும் நடுவில் உள்ள கடல்
எங்கள் மேசை அளவுக்குச் சுருங்கிக் கொந்தளித்தது.
லுதோவிக் வேலாயுதோன் மட்டும்
சத்தமில்லாமல் இரண்டாம் தட்டில் இருந்தான்.

பதினொன்றாவது என் பீர்க்கங்காய்க் கூட்டு. தீய்ந்தது.
புகைமணி அலறி, மூன்றாம் மாடிக்காரர்
செருப்பில்லாமல் ஓடி வந்து
ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார்.
பதினான்கு, தேர்வு வாரம்: முட்டை.
முட்டை முன்பே வந்துவிட்டது என்றான் லுதோவிக்.
அது வட்டம், இது சுருள் என்று வாதாடி ஜெயித்தேன்.

பதினெட்டாவதுக்குப் புயல் வந்தது.
சிவப்பு எச்சரிக்கை. கதவைத் திறக்கக் கூடாது.
சந்தை இல்லை, மின்சாரம் இல்லை,
வெள்ளிக்கிழமைத் தேர்வு உண்டா என்று சொல்ல ஆளில்லை.
குளிர்பெட்டி முதல்முறையாக வாயை மூடி நின்றது.
இருந்தது: முந்தின நாள் சோறு,
வெங்காயம், இரண்டு கோப்பைத் தயிர்,
பார்த்தாலே கண் கரிக்கும் குட்டி மிளகாய்.

சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தவள் நான்தான்,
கெட்டுவிடுமே என்று. வேறு திட்டம் இல்லை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிசைந்து
உப்புப் போட்டு நீட்டினேன்.
லுதோவிக் மோந்து பார்த்தான்.
'இது சமையலே இல்லை. அடுப்பு எரியவில்லையே.'
'அடுப்பு சமைக்கவில்லை, ராத்திரி சமைத்தது' என்றேன்.
காற்று ஜன்னல் பலகையைப் பிடித்து உலுக்கியது.
ஹரிசோவா கேட்டதுதான் உறைத்தது:
'உனக்கு இது புதுசா?'

இல்லை. இதைத் தின்னாமல் தப்பிக்க
எத்தனையோ பள்ளிக்கூடக் காலைகளில்
வயிற்றுவலி என்று படுத்திருக்கிறேன்.
இரண்டாம் கிண்ணம் கேட்கிறேனே, அதுதான் புதுசு.
சொல்லியிருக்கலாம். வாயில் மிளகாய்.
தலையை மட்டும் ஆட்டினேன்.
என் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று
ஐந்து மாதமாகியும் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

மூன்றுக்கு ஒன்று. ஏற்கப்பட்டது.
தோற்ற லுதோவிக்தான் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
குளிர்பெட்டிக் கதவுத் தாளில் எழுதினான்:
'18. தண்ணீர்ச் சோறு.'
கீழே, அடிக்கோடிட்டு:
'கிண்ணம் ஏழு கிடக்கிறது. குழாயில் காற்றுதான் வருகிறது.'