கைராசி

இரவு இரண்டு மணிக்கு நான்தான் லொரெட்டா.
மணிக்கட்டிலிருந்து நகம் வரை மட்டும்.

மணிக்கட்டுக்கு மேலே உள்ளவள்
அந்தப் பக்கம், வெளிச்சத்தின் நடுவே,
இளஞ்சிவப்பு சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள்.
பத்தொன்பது வருஷம் மத்தியானத் தொடரில்
நர்ஸாக இருந்தவள். அதில் மூன்று கல்யாணம், ஒரு கோமா,
இரண்டு முறை செத்துப் பிழைத்தாள்.
மினசோட்டாவில் சில பெட்ரோல் பங்குகளில்
இன்றைக்கும் அவளிடம் காபிக்குக் காசு வாங்குவதில்லை.

நான் ஏழடி தள்ளி,
கறுப்புத் துணி விரித்த மேசையில்.
எனக்கென்று ஒரு கேமரா, ஒரு விளக்கு.
"இந்த நீலத்தைப் பாருங்கள்" என்று அவள் சொல்லும்போது
என் விரல் மெல்லத் திரும்பும்.
படம் அவள் முகத்திலிருந்து என் கைக்குத் தாவும்;
தையல் தெரியாது.

இந்தக் கைகள் வெங்காயம் நறுக்கி ஆறு வருஷம்.
பாத்திரம் கழுவுவது டுவெய்ன்.
வாசலில் பனி வாருவதும் டுவெய்ன்.
ஜூலையிலும் கையுறை போட்டுத்தான் கார் ஓட்டுகிறேன்.
பூனை வளர்க்கக் கூடாது என்று
ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது.
டுவெய்ன் ஒருநாள் கேட்டான்:
என்னைத் தொடுவது பற்றி
அதில் ஏதாவது போட்டிருக்கிறதா?

அன்றைக்கு லைனில் நெப்ராஸ்காவிலிருந்து ஓர் அம்மாள். ஆர்டித்.
பதினோரு மோதிரம் வாங்கியவள்,
பன்னிரண்டாவதுக்காக அழைத்திருக்கிறாள்.
திரையின் மூலையில் எண் இறங்கிக்கொண்டிருக்கிறது:
நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்று ஏழு.

"லொரெட்டா, நீயும் நானும் ஒரே வயசு.
முகம் மாறிவிட்டது உனக்கு, கோபித்துக்கொள்ளாதே,
கை மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது?
எனக்கு மூட்டெல்லாம் வீங்கி
வாங்கிய ஒன்றுகூட உள்ளே போகவில்லை.
ஜன்னலோரம் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.
காலை வெயில் பட்டால் நன்றாகத்தான் இருக்கிறது."

ஒரு நொடி யாரும் பேசவில்லை.
டெலிவிஷனில் ஒரு நொடி பெரிய பள்ளம்.
காதுக் கருவியில் தயாரிப்பாளர் ப்ராடி
மூச்சை உள்ளிழுத்தது கேட்டது.
நான் அசையவில்லை.
கையும் களவுமாக என்பார்களே,
களவு அவளுடையது, கை என்னுடையது.

லொரெட்டா தன் இரண்டு கைகளையும்
மடியிலிருந்த தலையணைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.
நான் மட்டும் பார்த்தேன்.
பிறகு சிரித்தாள்.
கோமாவிலிருந்து கண் விழித்த எபிசோடின் அதே சிரிப்பு.
"ஆர்டித் கண்ணே, ரகசியம் ஒன்றுமில்லை.
அடுத்த அரைமணியில் வரப்போகும் க்ரீம்தான்."

நான்கே நிமிஷத்தில் மூவாயிரம் டப்பா தீர்ந்தது.
ப்ராடி ஓடிவந்து, என்னைத் தொடாமல்,
காற்றிலேயே என் விரல்களுக்கு முத்தமிட்டான்.
உனக்குக் கைராசி, என்றான்.
அந்த க்ரீமை நான் ஒருநாளும் போட்டதில்லை.
வாசனைக்கே தும்மல் வரும்.
ஆர்டித்துக்கு இரண்டு டப்பா, ஐந்து தவணை.
மோதிரமும் வாங்கினாள்.

நான்கரை மணி. கார் நிறுத்துமிடத்தில்
மூச்சு உறைகிற குளிர்.
லொரெட்டா கோட்டுப் பொத்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
இஞ்சிக் கிழங்கு மாதிரி விரல்கள்,
ஆளுக்கொரு திசையில்.
நான் கையுறையைக் கழற்றினேன். அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.
கழுத்திலிருந்து முட்டிவரை
ஏழு பொத்தானையும் மாட்டிவிட்டேன்.
சாவியை நீட்டினாள். கதவையும் திறந்துவிட்டேன்.

ஆர்டித்தைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.
அவள் குனிந்து, என் முகத்தைப் பார்க்காமல்,
என் கைகளிடம் சொன்னாள்:

"நாளைக்கு மரகதம்.
நன்றாகத் தூங்குங்கள்."