இருபது ஐம்பது

விஸ்கான்சினில் மே பிறந்தும் குளிர் விடவில்லை.
கடையில் வெர்னா, கைக்கொன்றாய் இரண்டு டப்பா.
"காருக்குப் போடுவதே போதும்" என்கிறான்
கல்லாவில் இருப்பவன்.

காருக்கு இறக்கம் உண்டு.
சறுக்குப் படகுக்கு
நாளெல்லாம் ஏற்றம்தான்.

போன ஆகஸ்டில்
ஆரின் கயிற்றை விட்டு விழுந்த இடத்துக்கு
மெல்லத் திரும்பினாள்.
எஞ்சின் முனகலாய் அடங்க
ஆயில் பிரஷர் முள்
பூஜ்ஜியத்தைத் தொட்டுப் பார்த்தது.
அவன் தண்ணீரில் கையாட்டிச் சிரித்தான்.
"பழைய முள், பொய் சொல்லும்" என்பான்.
அதனால் சொல்லவில்லை.

தடித்ததையே எடுக்கிறாள்.
ஐந்து குவார்ட்,
கைகாவலாக இன்னொன்று.
புனலில் அது
அவள் அவசரத்துக்கு இறங்கவில்லை.

ஜூன்.
கயிறு விறைக்கிறது, ஆரின் எழுகிறான்,
நுரை கிழித்து வளைகிறான்.
கண்ணாடியில் அவனும்
கீழே முள்ளும்.

ஒரே ஒரு தரம் விழேன்
என்று வேண்டிக்கொள்கிறாள்.