நாற்பத்தொரு முறை

ஊபி தொழிற்பேட்டை, மூன்றாம் மாடி.
கீழே கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்.
அந்த நெடியோடுதான்
நகரத்தின் மென்பொருள் தொழிலுக்காக
வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

சங்கம் என்று பெயர்.
இரண்டரை ஊழியர்கள்; அந்த அரை நான்.
லாபம் பார்க்கக் கூடாத ஒரு வங்கிக் கணக்கு.
நூற்றுப் பன்னிரண்டு உறுப்பு நிறுவனங்கள்,
பாதிப் பேர் சந்தா பாக்கி.
சங்கப் பலகை எங்களிடமும் உண்டு.
வெள்ளைப் பலகை.
யாரோ அழியா மையில் எழுதிவிட்டுப் போன
‘வளர்ச்சி’
எதைப் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை.

தலைவர் பூன் தெக்
அமைச்சுக்கு முப்பது பக்கம் எழுதி முடித்தார்.
வாடகை, வேலை அனுமதி,
தரவு நிலையங்கள் குடிக்கும் மின்சாரம், எல்லாம்.
‘நாலு மொழியிலும் சுருக்கம் போட்டால் மரியாதை.
தமிழ் உன் பொறுப்பு. வெள்ளிக்கிழமை.’

ஆங்கிலத்தில் ஒரு குட்டிச் சொல்
நாற்பத்தொரு முறை வருகிறது.
இரண்டே எழுத்து.
உள்ளே யார் வெளியே யார் என்று
கேட்காத தானியங்கிக் கதவு.
தமிழ் அப்படி விடுவதாயில்லை.
வாசலிலேயே மறிக்கிறது:
நாமா, நாங்களா?
கேட்டுக்கொண்டிருப்பவரைச் சேர்த்தா, தள்ளியா?

எழுவாயை விழுங்கிவிடலாம்.
‘செய்கிறோம்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.
ஐந்து இடங்களில் அப்படித் தப்பித்தேன்.
மிச்சம் முப்பத்தாறு.

வேலைகளை உருவாக்குகிறோம் என்ற இடத்தில்
கை தானாக ‘நாங்கள்’ என்று தட்டியது.
பின்தங்கிவிடக் கூடாது என்ற இடத்தில்
‘நாம்’.
பெருமைக்கு நாங்கள், பயத்துக்கு நாம்.
பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
ஒரு கோப்பி போட்டுக்கொண்டு வந்தேன்.

‘நூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பம்’ என்கிறது
ஒன்பதாம் பக்கம்.
போன செவ்வாய் அது நூற்றுப் பதினொன்று.
மருந்தகங்களுக்கு வரிசை எண் மென்பொருள் விற்ற
லோகநாயகி கடையை மூடிவிட்டாள்.
உறுப்பினர் சான்றிதழைத் திருப்பித் தர வந்தவள்
கண்ணாடிச் சட்டத்தை மட்டும் கழற்றிக்கொண்டாள்.
‘மகள் படத்துக்கு அளவு சரியா இருக்கும்.’
அவளை எதில் சேர்ப்பது?
இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
மின்தூக்கி வரும்வரை அவள் பேசியது
மழையைப் பற்றி.

‘இந்த நகரத்தை இணைத்தவர்கள்’ என்ற வரிக்கு வந்தபோது
தாழ்வாரக் கூரையிலிருந்து
இரண்டு கால்கள் தொங்கின.
கமாலுதீன், கேபிள் இழுப்பவர்,
இடுப்புக்கு மேலே இருட்டில்.
‘அக்கா, லைட் பிடிங்க.’
கைப்பேசி வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தபடி
என் சிக்கலைச் சொன்னேன்.
பதிலுக்குக் கொஞ்சம் தூசி விழுந்தது.
பிறகு குரல்:
‘நம்மன்னு போடுங்க. காசா பணமா?’

இருக்கிறதே, அக்கா சொல்ல முடியாத கணக்கு.
‘நாம்’ என்று போட்டால்
அமைச்சும் பங்காளி,
அவரும் பங்காளி,
சட்டத்தோடு போனவளும் பங்காளி.
அப்புறம் யாரிடம் மனு கொடுப்பது?

பூன் தெக்கிடம் கேட்டேன்.
பத்து நிமிடம் விளக்கினேன்.
பொறுமையாகக் கேட்டுவிட்டு
‘ரெண்டில் எது குட்டை?’ என்றார்.
நாம்.
‘அதையே போடு. பக்கத்தில் இடமில்லை.’

போட்டேன்.
முப்பத்தைந்து இடங்களில் நாம்.
ஒரே ஓர் இடத்தில் மட்டும்
‘நாங்கள்’ மாறாமல் நிற்கிறது.
மறதி இல்லை.
எந்தப் பக்கம் என்று இங்கே சொல்லமாட்டேன்.
அமைச்சில் தமிழை வரி வரியாகப் படிக்கும்
ஒருவர் இருந்தால்
அவர் கண்ணில் படட்டும்.
பட்டால் கூப்பிடுங்கள்,
அந்த அரை ஊழியர் வேண்டும் என்று கேளுங்கள்.
திங்கள், புதன், வெள்ளி.
மதியத்துக்கு மேல்.