மூடி

நான் சமையல்காரன்.
இருபத்தாறு வருஷம் கடலோரக் கப்பலில்
நூற்றுப் பத்துப் பேருக்கு மீனும் உருளைக்கிழங்கும்.
வீட்டில் இருப்பவளோ
பன்னிரண்டு பாதாம் பருப்பை
தபால் தராசில் வைத்துப் பார்த்து
ஒன்றைத் திரும்ப டப்பாவில் போடுகிறாள்.

வார்டோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் கடையைச் சாத்திவிடும்.
அப்புறம் இரண்டு மாதம்
சமையலறை விளக்குதான் பகல்.
அந்தப் பகலில் உட்கார்ந்து
சின்னோவே கணக்கெழுதுகிறாள்:
முட்டைக்கோஸ் சூப், ஒரு கிண்ணம்.
ரொட்டி, காகிதம்போல் ஒரு துண்டு.
வெண்ணெய் என்ற இடத்தில் ஒரு கோடு.
என்னையே அடித்துவிட்டதுபோல்
அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முடக்குவாதம் என்றார் டாக்டர்.
உடம்பின் காவல்படை
உடம்பையே எதிரி என்று எண்ணி
மூட்டு மூட்டாய் முற்றுகை இடுகிறதாம்.
வீட்டுக்கு வந்து இவள் சொன்னாள்:
"படையுமில்லை, ஒன்றுமில்லை.
நம் பழைய நாய் கடைசி வருஷம்
கண் தெரியாமல் உன்னைக் கடித்ததே,
அதுதான் இது."

வாரம் ஓர் ஊசி. தினம் இரண்டு மாத்திரை.
அதற்கு மேல் இந்தப் பசி.
ஓர் ஆராய்ச்சிக்காக, பதினான்கு வாரம்.
எலிகளுக்குப் பலித்திருக்கிறதாம்.
"நான் எலி இல்லையே" என்றாள்.
பிறகு கையெழுத்துப் போட்டாள்,
பேனாவை முஷ்டியில் பிடித்து,
குழந்தை மாதிரி.

படகுக் கொட்டகையில், உறைந்த கயிறுகளுக்கு நடுவே,
பன்றிக்கொழுப்பில் வறுத்த முழு மீனை
நின்றபடியே தின்றது நான்தான்.
வாயைப் பனியால் துடைத்துக்கொண்டு
உள்ளே போனேன்.
பசிக்கு மூக்கு கூர்மை.
"கொழுப்பு கொஞ்சம் கருகிவிட்டது" என்றாள்,
தலை நிமிராமல்.

ஆறாம் வாரம் குளிர் என்றாள்,
இரண்டு கம்பளிக்குள்ளிருந்து.
எட்டாம் வாரம் எதற்கெடுத்தாலும் கோபம்.
பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள்.
பொறுமை பறந்தது, தூக்கம் பறந்தது,
ஒரு புதன்கிழமை
என்மேல் இருந்த பிரியம்கூட
ஜன்னல்வரை போய்விட்டுத்தான் திரும்பியது.
பதினோராம் வாரம்
பத்து விரல்களிலிருந்தும்
வீக்கம் கிளம்பிப் போனது,
சொல்லிக்கொள்ளாமல்.

ஜனவரியில் சூரியன் திரும்பும் நாள்.
ஊரே ஜாம் அடைத்த பன் தின்னும்.
நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.
காலை பத்துவரை வெந்நீரில் கிடக்கும் கைகள்
அன்று அலமாரியைத் திறந்தன.
போன கோடையில் நான் இறுக்கி மூடிய
சதுப்புநிலப் பழ ஜாம்.
துணி கேட்கவில்லை. என்னைக் கூப்பிடவில்லை.
இடது கை கண்ணாடியில், வலது கை மூடியில்.
டக்.
கப்பலில் எந்த அபாய மணிக்கும்
நான் அப்படித் திரும்பியதில்லை.

ஒரு கரண்டி நிறைய அள்ளி
என் வாயருகே நீட்டினாள்.
அவளுடைய அன்றைய கணக்கு
சூப்போடு முடிந்திருந்தது.
நான் தின்றேன், அவள் பார்த்தாள்.
இத்தனை வருஷத்தில்
இவ்வளவு கஷ்டப்பட்டு
நான் எதையும் விழுங்கியதில்லை.

பசியா, ஊசியா என்று டாக்டரைக் கேட்டேன்.
தோளைக் குலுக்கினார்.
"வீக்கத்தின் எண்கள் இறங்கியிருக்கின்றன.
எடையும் ஏழு கிலோ இறங்கியிருக்கிறது.
முதலாவது பிடித்திருக்கிறது,
இரண்டாவது பிடிக்கவில்லை.
வேறெதுவும் எனக்குத் தெரியாது."

பதினான்கு வாரம் முடிந்த மறுநாள்
ரொட்டியில் வெண்ணெய் தடவினாள்,
சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல்.
ஏப்ரலில் வலது முழங்கால் மறுபடி வீங்கியது.
கைகளுக்கு இன்னும் செய்தி போகவில்லை.

ஜாடிகளை நான் இப்போது
லேசாகத்தான் மூடிவைக்கிறேன்.
நேற்று கண்டுபிடித்துவிட்டாள்.
ஒவ்வொன்றாய் எடுத்து என் முன்னால் வைத்து,
"இறுக்கு" என்றாள்.