குகைக்குப் பின்வாசல்

மண் கடைசியில்தான் என்றார் கொளத்தூர் கடைக்காரர்.
முதலில் கல்.
கல் கண்ணாடித் தரையில் நேராக உட்காரணும்.
மண்மேல் வைத்தால்
ஒருநாள் ஏதாவது மீன் அடியில் தோண்டும்,
ராத்திரி ரெண்டு மணிக்கு
உங்க ஹால் முழுக்கக் கடல்.

பதினாலு கிலோ. செத்த பாறை, வெள்ளை.
ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
பக்கத்தில் இருந்தவள் அட்டைப்பெட்டியின் ஓட்டைகளைப் பார்த்து
"இன்னாபா, கோழியா?" என்றாள்.

பகலில் எனக்கு வேறு கற்கள்.
திருவொற்றியூரில் கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு.
ஒவ்வொன்றும் நாலு டன் கருங்கல்.
கிரேன் கேபினில் உட்கார்ந்து
கீழே கொடியசைக்கும் மகிமைராஜின் கையை மட்டும் பார்ப்பேன்.
இறக்கு. இறக்கு. நிறுத்து. விடு.
விட்டபின் அது விழுந்த இடம்தான் இடம்.
யாரும் ரெண்டடி தள்ளிப்போய்த்
தலையைச் சாய்த்துப் பார்ப்பதில்லை.

இங்கே பார்க்கிறேன்.
நாற்காலியிலிருந்து, கதவோரத்திலிருந்து,
தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடி.
நடுவில் வைத்தால் கல்லறை.
இடதில் குவித்தால்
லாரி கொட்டிவிட்டுப் போனது மாதிரி.
ரெண்டு குவியல், இடையில் ஒரு பள்ளத்தாக்கு:
மூன்றாம் நாளில் அதுவும் சலித்தது.
கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழையணும், பாசி துடைக்க.
தண்ணீர் சுற்றிவர வழி வேண்டும்,
ஒளிய ஒரு குகை,
குகைக்குப் பின்வாசல்.
பின்வாசல் இல்லாத குகையில்
பெரியது சின்னதை மடக்கிவிடுமாம்.
எங்கள் குடியிருப்புக்கு ஒரே படிக்கட்டு.

ஜெபக்கனி துணி மடித்தபடி கேட்டாள்:
"நாலு தெரு தள்ளி அவ்ளோ பெருசா கெடக்குது.
ஒரு கொடம் மொண்டுகினு வர்றத வுட்டு
உப்பு பாக்கெட்டா வாங்குன?"
வாங்கினேன். ரசீது அலமாரியில் இருக்கிறது,
விலை உள்ளே போகும்படி மடித்து.
அந்தத் தண்ணீரை இதில் விட முடியாது என்று
எப்படிச் சொல்வது,
அந்தத் தண்ணீரில் பிடித்த சங்கரா
அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போது.

அன்றிரவு பசை காயும்வரை
மேல் கல்லைக் கையால் தாங்கி நின்றேன்.
அடியில் எதுவும் இல்லாமல் நிற்கவேண்டிய வளைவு அது.
இருபது நிமிடம் என்று டப்பாவில் போட்டிருந்தது.
ஏழாவது நிமிடத்தில் கரண்ட் போனது.
இருட்டில் கல்லின் துளைகள்
உள்ளங்கைக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தன.
எப்போதோ ஏதோ ஒன்று
அதற்குள் குடியிருந்திருக்கும்.
தோள் நடுங்கியது.
அறுநூறு கிராமுக்கு.

கரண்ட் வந்தபோது
வளைவு ஒரு விரற்கடை சரிந்து ஒட்டியிருந்தது.
"இப்பதான் நல்லாருக்கு" என்றாள் ஜெபக்கனி,
கொட்டாவி விட்டபடி.

தண்ணீர் விட்டுப் பதினோரு நாள்.
மீனுக்கு இன்னும் ஒரு மாதம்.
வேலை முடிந்து வந்து, கால் கழுவி,
விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன்.
குகை வாசலில் பழுப்பாக ஏதோ படர்ந்திருக்கிறது.
துடைக்காதீங்க, அது வரணும் என்றார் கடைக்காரர்.
வலப்பக்கத்துச் சின்னக் கல்லை மட்டும்
கொஞ்சம் திருப்பினால்
என்று தோன்றுகிறது.
கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.