இருநூற்றைம்பது எழுத்துக்குள்

வெள்ளவத்தையில், மருந்துக்கடைக்கு மேலே,
தண்டவாளம் தெரியும் அறை. அதுதான் சங்கத்தின் அலுவலகம்.
ரயில் போகும்போதெல்லாம் மேசை விளிம்புக்கு நகரும்
பிளேன்டீக் கோப்பையை இழுத்துவைப்பது தனுகவின் வேலை.
பாதீடு ஷெஹானாவுக்கு.
எழுதுவது எனக்கு,
மூன்று மொழியிலும் பிழைவிடும் இரண்டாம் வருடக்காரிக்கு.

உள்ளூர் மொழியிலும் எழுதலாமாம்.
உங்கள் பணியை இருநூற்றைம்பது எழுத்துக்குள் விளக்குக.
புள்ளியையும் ஓர் எழுத்தென்று எண்ணுகிறது படிவம்.
காலுக்கும் கொம்புக்கும் தனித்தனிக் கணக்கு.
நொதியம் என்று அடித்தால் ஏழு போய்விடும்.
நோய்க்கோ தமிழில் பெயரில்லை, சிங்களத்திலும் இல்லை.
எங்கோ வாழ்ந்த ஒரு வைத்தியரின் பெயரை
இந்தப் பிள்ளைகள் எலும்புக்குள் சுமக்கிறார்கள்.

பயனாளிகளின் எண்ணிக்கை?
பதினொன்று.
பெட்டி சிவந்தது. குறைந்தது நூறு வேண்டும்.
தாய்மாரைச் சேர், என்றான் தனுக.
பதினொரு தாய். எட்டுத் தகப்பன்.
(மிச்ச மூன்று பேர் எங்கே என்று படிவம் கேட்கவில்லை.)
அண்ணன்மார், தங்கைமார், வகுப்பு டீச்சர்மார்,
பொரளை ஆஸ்பத்திரிக்குக் கடனுக்கு ஏற்றிப்போகும்
ஆட்டோ ரிஸ்மி நானா, அவரையும் போட்டோம்.
நூற்றி நாலு.
பச்சையானது.

ஷெஹானா ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.
மருந்து எட்டுப் பாகையைத் தாண்டக்கூடாது.
கொட்டாஞ்சேனையில் கரண்ட் போன இரவுகளில்
சுபத்திராக்கா மீன்கடைக்காரனை எழுப்பி
ஐஸ் வாங்கி, குப்பியைத் துவாயில் சுற்றி,
விடியும்வரை வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.
பற்றுச்சீட்டுக் கேட்டால் மீன்காரன் சிரிப்பான்.
இதர செலவு என்று போட்டாள்.
இதரவுக்கு மூன்று வீதம்தான் அனுமதி.

மூன்று வருட முடிவில் எதிர்பார்க்கும் மாற்றம்?
போன் எடுத்தேன் சுபத்திராக்காவுக்கு.
"மாற்றமோ?"
பாத்திரம் கழுவும் சத்தம். குழாயைப் பூட்டினார்.
"இப்ப கரண்டியைத் தானாப் பிடிக்கிறாள்.
மூண்டு வருசத்தாலையும் பிடிச்சாளெண்டால் காணும், தங்கச்சி.
மாறாமல் இருக்கட்டும்."
மாறாமல். எண்ணிப் பார்த்தேன், அதுவும் ஏழு.

ஆனால் அளக்கக்கூடிய முன்னேற்றத்தைத்தான் எழுத வேண்டுமாம்,
குறிப்பில் தடித்த எழுத்தில் இருக்கிறது.
கனநேரம் யோசித்துவிட்டு எழுதினேன்:
அளவீடு: கரண்டி.
அடிப்படை நிலை: பிடிக்கிறாள்.
இலக்கு: பிடிக்கிறாள்.
தனுகவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது
காசு கிடைக்காது என்றான்.
அழி என்று மட்டும் சொல்லவில்லை.

ஜெனீவாவில் நள்ளிரவு, எங்களுக்கு விடியப்புறம் மூன்றரை.
இரண்டு மணிபோல் சங்கத்து போன் அடித்தது.
கோட்டை பஸ் நிலையத்திலிருந்து ஒரு தகப்பன்.
பதுளைப் பக்கம், தோட்டத்துப் பேச்சு.
"இன்னைக்குத்தாங்க ஆஸ்பத்திரில பேரு சொன்னாங்க.
கடதாசில எழுதிக் குடுத்துருக்காங்க, வாயில நுழையல.
எழுத்தெழுத்தாச் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

மூன்றாவது எழுத்திலேயே தெரிந்துவிட்டது.
அவர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை.
ஒவ்வோர் எழுத்துக்கும் ம் கொட்டிக்கொண்டே
என் மற்றக் கை
பதினொன்றை அழித்துப் பன்னிரண்டு என்று அடித்தது.
கூடிவிட்டது என்று ஒரு சந்தோஷம்.
உண்மையாகவே சந்தோஷம்.
நிமிர்ந்தால் தனுகவின் முகத்திலும் அதே சிரிப்பு
அணையத் தெரியாமல் நிற்கிறது.

"இந்தப் பேரு வேற யாருக்காச்சும் இருக்குங்களா?"
பதினொரு பேருக்கு, என்றேன்.
அந்தப் பக்கம் பஸ்காரன் ஊர்களின் பெயரைக் கூவினான்.
"அப்பாடா" என்றார் அவர்.
"அவ்வளவு பேரா."
பிறகு, "பஸ் வந்துருச்சுங்க, புள்ள தூங்குது, தூக்கணும்."

இலக்கத்தைப் பன்னிரண்டு என்று போனில் பதிந்தேன்.
மூன்று இருபதுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.
முதல் ரயிலுக்குக் கோப்பை நகர்ந்தபோதுதான் உறைத்தது,
பிள்ளையின் பெயரை நான் கேட்கவேயில்லை.